பத்து வருஷ டேட்டா கையில இருக்கு, எனக்கு என்ன வேணும்னு மட்டும் அதுல இல்லை

எல்லைக்கோடு

வணக்கம்ங்க. வயசு 48. வீடு வேலந்தாவளம் பக்கம், கேரளாவுக்குள்ள. வேலை கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில, குவாலிட்டி டிபார்ட்மென்ட். தினமும் செக்போஸ்ட் தாண்டிப் போய் ஷாஃப்ட்டுக்கும் இம்பெல்லருக்கும் மைக்ரோமீட்டர் புடிச்சு அளக்கறதுதான் பொழப்பு. அளந்து பழகின கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கலை. வாட்ச்ல நடை, தூக்கம், நாடித்துடிப்பு, போன்ல போன இடமெல்லாம், யூபிஐ கணக்கு, கம்பெனி வருஷா வருஷம் எடுக்கற ரத்தப் பரிசோதனை, வாட்ஸ்அப் பேக்கப், போட்டோ ஆயிரக்கணக்கா. பத்து வருஷத்துக்கு மேல சேர்ந்து கிடக்கு.

போன மாசம் இதையெல்லாம் இறக்கி ஒரு ஏஐ கிட்ட குடுத்து, "நான் எப்படிப்பட்ட ஆள், இனி என்ன பண்ணலாம்"னு கேட்டேன். நாலு பக்கத்துக்கு அறிக்கை வந்துச்சு. ஒழுங்கை விரும்புறவன், ஆனா உள்ளுக்குள்ள சுதந்திரம் தேடுறவன். வெளிய தைரியசாலி, தனிமையில யோசனைக்காரன். திறமையில பாதி இன்னும் பயன்படாமக் கிடக்கு. படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. மறுநாள் படிச்சேன், யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சு.

எல்லையோரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு கூத்து தெரியும். எங்க திண்ணையில உக்காந்தா போன் ஒரு நேரம் கேரளா டவரைப் புடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரை. நான் மத்தியானம் பூரா கட்டில்ல கிடந்த ஞாயித்துக்கிழமையை அது 'பயணம்'னு எழுதி வச்சிருக்கு. அதைப் பார்த்துட்டு ஏஐ சொல்லுது, எனக்கு ஊர் சுத்தறதுல ஆர்வம்னு.

கேள்வி இதுதான். இவ்வளவு டேட்டாவை வச்சு நடுவயசுல ஒருத்தன் தன்னைப் புரிஞ்சுக்க முடியுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

பனங்காடு (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

கட்டில்ல கிடந்தே ரெண்டு மாநிலம் சுத்தி வந்திருக்கீங்க. பஸ் காசு மிச்சம்.

சும்மா சொன்னேனுங்க அண்ணா. ஆனா ஒண்ணு கேக்கறேன். பத்து வருஷமா இல்லாத அவசரம் போன மாசம் எங்கிருந்து வந்துச்சு?

டேட்டாதம்பி (குமுளி, இப்போ பெங்களூரு)

அண்ணே, நீங்க கொட்டின விதம் சரியில்லை. எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி "நான் யார்"னு கேட்டா பொதுவான பதில்தான் வரும். முதல்ல தேதி வாரியா ஒரே அட்டவணையாக்கணும். தூக்கம் ஒரு பத்தி, செலவு ஒரு பத்தி, யார்கிட்ட பேசினீங்கன்னு ஒரு பத்தி. அப்புறம் எது எதோட சேர்ந்து ஏறுது இறங்குதுன்னு பார்க்கணும். டவர் தாவறதுக்கு வடிகட்டி போடலாம், அது பெரிய விஷயமே இல்லை.

இது புதுசும் இல்லை. 2007-ல கேரி வுல்ஃப், கெவின் கெல்லின்னு ரெண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் ஆரம்பிச்ச இயக்கமே 'எண்கள் வழியா தன்னை அறியறது'தான். மைக்ரோசாஃப்ட்ல இருந்த கார்டன் பெல் கழுத்துல கேமரா மாட்டிக்கிட்டு, பார்த்தது படிச்சது பேசினது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினவர். 2024-ல இறந்தார். சரியா அடுக்கினா டேட்டா பேசும்.

நைட்டூட்டி (பாலக்காடு)

நான் ஸ்டாஃப் நர்ஸ். பேசும்னு சொல்றதுக்கு முன்னாடி அதுக்கு என்ன தெரியும்னு பார்ப்போம்.

தூக்கம்: ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம்னு பிரிக்கணும்னா மூளை அலையை அளக்கணும். லேப்ல தலையில ஒயர் ஒட்டித்தான் எடுப்பாங்க. வாட்ச் பச்சை வெளிச்சம் அடிச்சு நாடியையும் கை அசைவையும் பார்த்து ஊகிக்குது. எவ்வளவு நேரம் தூங்கினோம்னு ஓரளவு சொல்லும். எந்த வகைத் தூக்கம்னு அது சொல்றதை நம்பி கவலைப்படாதீங்க. அந்தக் கவலைக்கே பேர் வச்சுட்டாங்க, ஆர்த்தோசோம்னியா. 2017-ல அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதின கட்டுரை. லேப்ல நல்லாத் தூங்கினீங்கன்னு காட்டினாலும் இல்லை, என் கருவி வேற சொல்லுதுன்னு வாதாடின நோயாளிகளைப் பத்தினது.

நடை: 'தினம் 10,000 காலடி'ங்கற கணக்கு மருத்துவர் யாரும் கண்டுபிடிச்சது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச சூட்டோட, 1965-ல ஜப்பான்ல வித்த ஒரு நடைமானிக்கு வச்ச பேர்ல இருந்து வந்தது. 2019-ல வந்த ஒரு ஆய்வு, சராசரி 72 வயசு அமெரிக்கப் பெண்களைப் பார்த்தது. 4,400 அடி நடந்தவங்களுக்கே 2,700 நடந்தவங்களைவிட சாவு கணிசமாக் குறைவு. 7,500-க்கு மேல கூடுதல் பலன் தெரியலை.

நாடித்துடிப்பு: உச்சவரம்புக்கு வாட்ச் பெரும்பாலும் 220-ல வயசைக் கழிக்கும். உங்களுக்கு 172. 2001-ல வந்த இன்னொரு சூத்திரத்துல 174. ரெண்டுமே சராசரி, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னெண்டு கூடலாம் குறையலாம். அண்ணனுக்கு டாலரன்ஸ்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

48 வயசுல உண்மையிலேயே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பிரஷர். மூணு மாச சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 5.7-க்குக் கீழ இருந்தா நிம்மதி, 6.5-ஐத் தொட்டா சர்க்கரை நோய். கொலஸ்ட்ரால். இடுப்புச் சுத்தளவு, நம்ம ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. 2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல கேரளாவுல பெரியவங்கள்ல நாலுல ஒருத்தருக்குச் சர்க்கரை, 25.5 சதவீதம். இந்த எண் எங்க வார்டுல தினமும் நடந்து வருது. உங்க கடைசி ஹெச்பிஏ1சி எவ்வளவுன்னு நீங்க எழுதலை, கவனிச்சீங்களா?

எல்லைக்கோடு

@நைட்டூட்டி, கம்பெனியில வெறும் வயித்துச் சர்க்கரை மட்டும்தான் எடுப்பாங்க. ஹெச்பிஏ1சி இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க.

நைட்டூட்டி (பாலக்காடு)

பத்து வருஷ டேட்டா!

நகரிதறி

நாங்க ஆந்திரா பக்கம், சித்தூர் மாவட்டம், விசைத்தறி. என் யூபிஐ கணக்கைப் பையன் ஏதோ ஆப்ல போட்டுப் பார்த்தான். அதிகச் செலவு 'உணவகம்'னு வந்துச்சு, வெளியில சாப்பிடறதைக் குறைக்கச் சொல்லிப் புத்திமதி வேற. தறியில வேலை செய்யற பசங்களுக்குக் காலையும் சாயங்காலமும் நான்தான் டீ சொல்றேன். நான் டீயே குடிக்கறது இல்லை.

பணம் எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியும். யாருக்காகப் போச்சுன்னு தெரியாது. அவ்வளவுதாங்க என் அனுபவம்.

புளியரை வாத்தியார்

அந்த அறிக்கையப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு, தம்பி தப்பா நெனைக்காதீரும். 1948-ல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வச்சாரு. பெறவு ஒவ்வொருத்தன் கையிலயும் 'இது உன் குணம்'னு ஒரு தாளக் குடுத்தாரு. எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மார்க் போடச் சொன்னாரு. சராசரி 4.26. எல்லாருக்கும் குடுத்தது ஒரே தாளு. வாசகமெல்லாம் பெட்டிக்கடை ஜோசியப் புத்தகத்துல இருந்து எடுத்தது. 'உன் திறமையில பெரும்பகுதி பயன்படாமக் கிடக்கு'ங்கற வரியும் அதுல உண்டு. உம்ம அறிக்கையிலயும் இருக்குல்லா?

ஒரு காரியம் செய்யும். பேரை எடுத்துட்டு அந்த நாலு பக்கத்தையும் உம்ம மச்சான் கையில குடும். "உங்களப் பத்தி ஏஐ எழுதினது"ன்னு சொல்லும். என்ன சொல்லுதாருன்னு வந்து எழுதும்.

களியக்காவிளை பஸ்ஸ்டாண்ட்

எங்க பக்கத்துல அய்யாவழிப் பதியில பள்ளியறைக்குள்ள நிலைக்கண்ணாடிதான் இருக்கும். சாமித்தோப்புல இண்ணைக்கும் பாக்கலாம். கும்பிடப் போனா நம்ம மொகந்தான் தெரியும். அய்யா வைகுண்டர் 1851-ல சமாதி ஆனவரு. பொறவு 1927-ல நாராயண குருவும் சேர்த்தல பக்கம் களவங்கோடத்துல கண்ணாடிய பிரதிஷ்டை செய்தாரு. தன்னைப் பாக்கணும்னு நெனைச்சவங்க ரெண்டு பேரும் கண்ணாடியோட நிறுத்தீட்டாங்க, தினக் கணக்கு எழுதச் சொல்லல்ல.

டேட்டாதம்பி

கண்ணாடி இந்த நிமிஷத்தை மட்டும்தான் காட்டும் ஐயா. பத்து வருஷம் முன்னாடி முகம் எப்படி இருந்துச்சுன்னு காட்டாது. நாம ஞாபகத்தை நம்பிப் பேசறோம், ஞாபகம் பொய் சொல்லும். "நான் எப்பவும் காலையில சீக்கிரம் எழுந்துடுவேன்"னு சொல்ற எங்கப்பாவோட போனை எடுத்துப் பாருங்க. டேட்டாவை மட்டம் தட்டறது இங்க ஒரு ஃபேஷன் ஆயிருச்சு.

புளியரை வாத்தியார்

மட்டம் தட்டல தம்பி. தினம் எழுதுதது நம்மாள்களுக்கும் புதுசில்ல. புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல ஆரம்பிச்சு 1761-ல சாகுத வரைக்கும் எழுதியிருக்காரு. கவர்னர் டூப்ளே என்ன சொன்னாரு, எந்தக் கப்பல் வந்தது, எவன் எவனப் பத்திக் கோள் சொன்னான், எல்லாம் இருக்கு. ஆனா 'நான் யாரு'ன்னு தோண்டுதுக்கு அவரு எழுதல. அவரு கண்ணு வெளிய இருந்துச்சு. அதனாலயோ என்னமோ படிச்சா அந்த மனுசனத் தெளிவாத் தெரியுது.

நடுவயசுக்கு வருவோம். 'மிட்லைஃப் கிரைசிஸ்'ங்கற பேரை 1965-ல எலியட் ஜாக்ஸ்னு ஒரு உளப்பகுப்பாய்வாளர் வச்சாரு. சாவு நிசம்னு மனசுக்குப் படுத வயசுன்னு அவரு சொன்னாரு. 2008-ல பிளாஞ்ச்ஃப்ளவர், ஆஸ்வால்டுன்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க, பல நாட்டுக் கணக்கப் பார்த்துட்டு, மனநிறைவு நாப்பதுகள்ல அடிமட்டத்துக்குப் போயி பெறவு ஏறுதுன்னு எழுதினாங்க. அதுவும் சராசரிதான், அத ஒத்துக்காத ஆய்வாளர்களும் உண்டு. உமக்கு மட்டும் வந்த நோயில்லன்னு சொல்லத்தான் சொல்லுதேன்.

எல்லைக்கோடு

மச்சானுக்குக் குடுத்தேனுங்க. கோழிக்கடை வச்சிருக்கார், வாட்சே கட்ட மாட்டார். படிச்சுட்டு, "மாப்ளே, இது அப்படியே நான்தான், எப்படிக் கண்டுபுடிச்சுச்சு"ன்னார். அப்புறம் அவர் வீட்டம்மா வாங்கிப் படிச்சுட்டு அவங்களும் அதையே சொன்னாங்க.

பனங்காடு

😂 மூணு பேருக்கு ஒரே அறிக்கை. எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.

மீனாட்சிபுரம் அக்கா

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

எனக்கு 51. தையக்கடை. என்கிட்டயும் டேட்டா இருக்கு, ஆனா அது என்னோடது இல்லை. அளவு நோட்டு. கடை ஆரம்பிச்ச காலத்துல இருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து இறக்கம். கல்யாண ரவிக்கைக்கு வந்த பொண்ணு, வளைகாப்புக்கு வந்தப்போ, அவ பொண்ணோட சீருக்கு வந்தப்போ, எல்லா அளவும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும். ஒரு வருஷம் கை அளவு சட்டுனு குறைஞ்சிருக்கும். அந்த வருஷம் அவ வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், நோட்டுல இருக்காது.

நாப்பத்தஞ்சு தாண்டினவங்க வந்தா முக்கால்வாசிப் பேர் ஒண்ணே ஒண்ணு சொல்வாங்க: "பழைய அளவே வைங்க அக்கா." டேப்பைக் கிட்ட கொண்டுபோனாலே வயித்தை எக்கிக்குவாங்க. நான் சண்டை போட மாட்டேன். பழைய அளவுக்கே வெட்டறேன்னு சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் உள்ளே தாராளமாத் துணி விட்டுத் தைச்சுக் குடுப்பேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்து பிரிச்சு விடச் சொல்வாங்க. கூலி வாங்க மாட்டேன். அளவைச் சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்குங்க. கேக்கத் தயாரா இல்லாதவங்ககிட்ட சொன்னா அடுத்த ரவிக்கைக்கு வேற கடைக்குப் போயிருவாங்க, அவ்வளவுதான் நடக்கும்.

போன்லயும் ஒண்ணு வச்சிருந்தேன், மாதவிலக்குக் கணக்கு ஆப். பொண்ணு போட்டுக் குடுத்தா. பல வருஷம் கரெக்டாச் சொல்லிட்டிருந்துச்சு. 47-க்கு மேல உளற ஆரம்பிச்சிருச்சு. 'தள்ளிப் போயிருக்கிறது, தள்ளிப் போயிருக்கிறது'ன்னு தினமும் மணி அடிக்கும். கர்ப்பமா இருக்கலாம்னு ஒரு நாள் வாழ்த்துக்குப் பக்கத்துல போயிருச்சு. நின்னு போறதுன்னு ஒண்ணு இருக்குன்னு நான் வச்சிருந்த அந்த ஆப்புக்குத் தெரியவே இல்லை. சின்ன வயசுக்காரங்க சின்ன வயசுக்காரங்களுக்குப் பண்ணினது. ராத்திரி வேர்த்துக் கொட்டி எழுந்து உக்காந்தா, வாட்ச் கட்டியிருக்கற என் வீட்டுக்காரர் "உனக்கு ஸ்ட்ரெஸ்ஸு"ன்னார். நர்ஸம்மா மாதிரி ஒருத்தங்ககிட்ட கேட்டப்புறம்தான் நிம்மதி. பன்னெண்டு மாசம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுருச்சுன்னு கணக்கு, அதுவரைக்கும் முன்னப்பின்னதான் இருக்கும்னாங்க. அந்தத் தகவல் எல்லாம் எங்க போகுதுங்கறது வேற கதை. 2021-ல ஃப்ளோங்கற ஆப் மேல அமெரிக்க அரசு ஆணையமே நடவடிக்கை எடுத்துச்சு, பொம்பளைங்க தகவலை ஃபேஸ்புக் மாதிரி கம்பெனிகளோட பகிர்ந்துக்கிட்டதுக்கு.

இன்னொண்ணு. ஊர்ல எல்லார் அளவும் இருக்கற நோட்டுல என் அளவு இல்லை. எனக்கு வெட்டறப்போ பழைய ரவிக்கை ஒண்ணை மேல வச்சுத்தான் வெட்டுவேன். போன வருஷம் பொண்ணு வந்து, "நில்லும்மா, கையைத் தூக்கு"ன்னு டேப்பைப் புடிச்சா. எனக்குக் கூச்சமாப் போச்சு. தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு அவதான் சொன்னா. மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு இறங்கினது. கண்ணாடியில தினமும் பார்த்திருக்கேன், தெரிஞ்சதே இல்லை.

தம்பி, உங்க டேட்டாவை நீங்களே பார்க்கறீங்க, இல்லாட்டி ஏஐ பார்க்குது. வீட்டுல யார்கிட்டயாவது காட்டினீங்களா?

மட்டுறுத்துநர்

ஆப் அனுமதிகள், 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆபா (மருத்துவ அடையாள) எண் பற்றி வந்த பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே தொடர வேண்டாம்.

பனங்காடு

அக்கா கேட்டதையும் நான் முதல்ல கேட்டதையும் அண்ணன் இன்னும் தொடலை. போன மாசம் என்ன நடந்துச்சு?

எல்லைக்கோடு

சரிங்க, சொல்லிர்றேன்.

எருத்தேன்பதியில அப்பா வச்சிட்டுப் போன நிலம் இருக்கு. தென்னை கொஞ்சம், மீதி மானாவாரி. ஒரு காலத்துல கடலை போட்டது. எனக்கும் அண்ணனுக்கும் பொது. அண்ணன் திருப்பூர்ல இருக்கார், வித்துறலாம்ங்கறார். நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கு. என் கையெழுத்து வேணும். ஆமாம்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. காரணம் கேட்டா ஒண்ணும் இல்லை.

அதைத்தான் சுத்தி வளைச்சு ஏஐ கிட்ட கேட்டேன். அறிக்கையோட கடைசிப் பத்தி ரொம்பத் தெளிவா இருந்துச்சு. 'கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் அந்த இடத்துக்கு ஏறக்குறைய செல்லவே இல்லை. அதற்காக எந்தச் செலவும் செய்யவில்லை. குடும்ப உரையாடலில் அது வருவதும் அரிது. விற்பது உங்கள் உண்மையான முன்னுரிமைகளோடு ஒத்துப்போகும்.' இதை மச்சானுக்குக் குடுத்த தாள்ல இருந்து எடுத்துட்டேன்.

டேட்டாதம்பி

அண்ணே, கோச்சுக்காதீங்க, இது பொதுவான ஜோசியம் இல்லை. இது உங்களுக்கு மட்டும் பொருந்தற விஷயம். வாயால சொல்றதைவிட கால் எங்க போச்சு, காசு எங்க போச்சுங்கறதுதான் விருப்பத்தைக் காட்டும். போகவே இல்லைன்னா மனசுல அதுக்கு இடம் இல்லை.

பனங்காடு

தம்பி, நான் ஆழியாத்துத் தண்ணியை நம்பிப் பயிர் பண்றவன். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்கு. அதை அளக்கறது மணக்கடவு அணையில. ஜூலை 1-லிருந்து மறு வருஷம் ஜூன் 30 வரைக்கும் கணக்கு. ரெண்டு அரசாங்கமும் உக்காந்து தசமபுள்ளி வரைக்கும் சண்டை போடுவாங்க. சில வருஷம் கணக்கு நிறைஞ்சிருக்கும், எங்க கடைமடை காஞ்சு கிடக்கும். ஏன்னா தண்ணி எப்ப வந்துச்சுங்கறது வேற, எங்க அளந்தாங்கங்கறது வேற. மழை பெஞ்சு ஆறு ரொம்பினப்போ அந்த அணையைத் தாண்டினதும் கணக்குல சேரும், நாத்து நட்டுட்டு வானத்தைப் பார்த்தப்போ வராததும் கணக்குல தெரியாது.

அண்ணன் டேட்டாவை எங்க நின்னு அளந்தாங்கன்னு முதல்ல கேளு.

எல்லைக்கோடு

@பனங்காடு நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி எங்க கம்பெனிக் கண்ணோட பார்த்தேன். ஒரு கேஜ் ரீடிங் வரலைன்னா 'பூஜ்யம்'னு எழுதக் கூடாது. முதல்ல கேக்க வேண்டியது, அந்த நேரம் கேஜ் அங்க இருந்துச்சா? புதுசாச் சேர்ற பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கற முதல் பாடம் அது.

அக்கா சொன்னபடி வீட்டுல காட்டினேன். "எருத்தேன்பதிக்கு நான் போறதே இல்லையாம்"னேன். அவ நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "அப்போ ஞாயித்துக்கிழமை சட்டையில செம்மண்ணு யாரு பூசறது? பிளீச் போட்டும் போக மாட்டேங்குது"ன்னா.

நடந்தது என்னன்னா, ரொம்ப வருஷம் முன்னாடி கிணத்து மேட்டுல குனிஞ்சப்போ சட்டைப் பையில இருந்து போன் உள்ள விழுந்துருச்சு. அதுல இருந்து தோட்டத்துக்குப் போறப்போ போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிருவேன். வாட்ச்சும் கட்ட மாட்டேன். சுத்தற மிஷின் பக்கம் போறப்போ வாட்ச், மோதிரம் கூடாதுங்கறது ஷாப் ஃப்ளோர் விதி. மோட்டார் ரூமுக்குப் போறதுன்னா கை தானாக் கழட்டும். செலவும் ரொக்கம்தான், தேங்கா போடற ஆளுக்கு யூபிஐ கிடையாது. ஆக நான் அங்க இருந்த நேரம் பூராவும் ஏஐ கணக்குல வீட்டுல படுத்திருக்கேன். டவர் தாவினா, படுத்துக்கிட்டே பயணமும் போயிருக்கேன்.

டேட்டாதம்பி

😳 சரி, இது ரொம்ப மோசமான சாம்பிள். முடிவை வாபஸ் வாங்கறேன். ஆனா இது டேட்டா மேல குத்தம் இல்லைண்ணே, டேட்டா இல்லாததோட குத்தம்.

நைட்டூட்டி

ஒரு நிமிஷம். எல்லாரும் உருகறதுக்கு முன்னாடி. டேட்டா இல்லாத நேரமெல்லாம் பொன்னான நேரம்னு இப்போ ஒரு முடிவுக்கு வரப் போறீங்க. சார்ஜர் காணாமப் போன நாளும் அதுல இருக்கும். நீங்க நிஜமாவே எத்தனை ஞாயிறு போறீங்க? அங்க போய் என்ன பண்றீங்க? மண்ணு ஒட்டறதுனால விவசாயி ஆயிர முடியாது. அந்த நிலத்துல தண்ணி இருக்கா?

எல்லைக்கோடு

நியாயமான கேள்விங்க. எல்லா ஞாயிறும் இல்லை. அங்க போய்ப் பெருசா ஒண்ணும் பண்றதில்லை. மோட்டாரை ஓட விட்டு வாய்க்கால்ல மடை மாத்தி விடுவேன். அப்பா நட்ட தென்னைக்குப் பாத்தி கட்டுவேன். மோட்டார் சத்தம் மாறினா பேரிங் பார்ப்பேன். எதையும் அளக்க மாட்டேன்ங்கறது இப்ப எழுதறப்போதான் உறைக்குது. தண்ணி கஷ்டம்தான். எங்க பக்கம் மழை மறைவு, போர்வெல் ஆழமாப் போயிட்டே இருக்கு. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் வரைக்கும் நீட்டற பேச்சு நான் பையனா இருந்தப்பவே கேட்டது.

மீனாட்சிபுரம் அக்கா

அப்போ உங்களுக்கு நிலம் வேணுமா, அளக்காத ஒரு மத்தியானம் வேணுமா? ரெண்டும் ஒண்ணு இல்லை தம்பி. ரெண்டாவதுக்கு இவ்வளவு நிலம் தேவைப்படாது. அண்ணனுக்கும் காசு தேவை இருக்கும், அதையும் பாருங்க. அவர் ஏன் விக்கணும்ங்கறார்னு கேட்டீங்களா?

களியக்காவிளை பஸ்ஸ்டாண்ட்

அக்கா கேட்டதுக்கு மேல ஒண்ணும் சொல்லதுக்கில்ல. நான் பாங்குல இருந்து ரிட்டயர் ஆனவன். அண்ணன் தம்பி கையெழுத்துத் தகராறு நெறையப் பாத்திட்டேன். மனசு தெரியாம ஒப்பு போட்டவன் பத்து வருசம் கழிச்சும் பொலம்புவான். ஒப்பு போடாம இழுத்தடிச்சவனும் பொலம்புவான்.

எல்லைக்கோடு

அண்ணனைப் பார்க்கத் திருப்பூர் போயிட்டு வந்தேனுங்க. போன்ல பேசினா ரெண்டு பேரும் விலையைப் பத்தியே பேசறோம், அதனால நேர்ல. அவருக்குப் பேத்தி படிப்பு, பனியன் யூனிட் கடன். அது எனக்கு முழுசாத் தெரியாது. எங்க வாட்ஸ்அப் பேக்கப்ல அண்ணன் அனுப்பினதெல்லாம் காலை வணக்கம் படம்தான்.

பேசி முடிச்சது: பாகம் பிரிச்சுக்கறோம். ரோட்டோரப் பங்கு அவருக்கு, விலை அதுக்குத்தான் நல்லா வரும். வித்துக்கட்டும். கிணறும் தென்னையும் இருக்கற பின்பங்கு எனக்கு. பண்ணையம் பண்ணிப் பெரிய ஆளாவேன்னு எல்லாம் இல்லை. ஆடிப்பட்டத்துல ஒரு துண்டுல கடலை போட்டுப் பார்க்கறதா இருக்கேன். அக்கா கேட்ட ரெண்டாவதுதான் எனக்கு வேணும்னு நினைக்கறேன், ஆனா அந்தக் கிணத்து மேட்டுலதான் வேணும்.

ஹெச்பிஏ1சி 6.1. ஒரு டாக்டரைப் பார்த்துட்டேன். வாட்ச்சைத் தூக்கிப் போடலை, நடைக்கு மட்டும் வச்சிருக்கேன், தூக்கக் கணக்கை அணைச்சுட்டேன்.

நைட்டூட்டி

6.1-ன்னா சர்க்கரைக்கு முந்தின நிலை. மடை மாத்தறது நல்ல உடற்பயிற்சிதான், ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் போதாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுங்க. வெறும் வயித்துச் சர்க்கரை நார்மலா இருந்திருக்குமே? அதான் ஹெச்பிஏ1சி கேட்டேன்.

டேட்டாதம்பி

அண்ணே, தோட்டத்துல ஒரு ஈரப்பத சென்சார் வச்சா மோட்டார் எப்ப ஓடணும்னு தானாவே...

பனங்காடு

தம்பி, அந்தக் காசைக் கம்பி வேலிக்குப் போடச் சொல்லு. கடலை போட்டா முதல்ல வர்றது காட்டுப்பன்னி. அது சென்சாரையும் சேர்த்துத் தோண்டிரும்.

எல்லைக்கோடு

வேலியைப் பத்தி அப்புறம் கேக்கறேனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. பாகம் பிரிக்க வில்லேஜ் ஆபீஸ் போனா, 2022-ல ஆரம்பிச்ச டிஜிட்டல் ரீசர்வே அளவும் அப்பா காலத்து ஆதாரத்துல (பத்திரத்துல) இருக்கற அளவும் ஒத்து வரலைங்கறாங்க. கிழக்கு வரப்புல வித்தியாசம். நானே ரெண்டு தடவை டேப் புடிச்சுட்டேன், மூணாவது அளவு வருது. சித்தூர் தாலுக்காவுல இப்படி வந்து சரி பண்ணினவங்க யாராவது இருக்கீங்களா?

பனங்காடு

எனக்கும் வந்துச்சு, சரி பண்ணிட்டேன். எழுதினா புரியாது. சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறை வாங்க, பழைய வரிச் சீட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, அவர் கையெழுத்தும் வேணும்.